பரப்பாடி வரைக்கும்

நாலு நாளாக எங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.
இலங்கைக்குக் கீழே, கடலில்,
சுண்டைக்காய் அளவு ஒரு சுழி.
ஐரோப்பிய மாடல் தருகிறேன் என்கிறது.
அமெரிக்க மாடல் நேற்று ராத்திரி தந்ததை
இன்று காலை திரும்ப வாங்கிக்கொண்டது
நகையில் குறை கண்ட சம்பந்தி மாதிரி.

புரட்டாசி இருபத்தொன்று.
ஐப்பசிக்கு இன்னும் நாள் கிடக்கிறது.
"முந்தி வந்த மழை நிக்காது டே" என்றார்
பட்டா நகலெடுக்க வந்த தலையாரி.
நான் பட்டாவின் முதுகை நகலெடுத்துக் கொடுத்தேன்.
இரண்டு வெள்ளைத் தாள்.
அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மூலைக்கரைப்பட்டியில் என் கடைக்கு மேலே
ஒரு புனல், ஒரு குப்பி, காக்கை உட்காராதிருக்க
வளைத்துக் கட்டிய சைக்கிள் கம்பி.
ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் சேர்ந்து
அதில் போட்டது செம்மண் புழுதியும் ஒரு தட்டானும்.
நேற்று சோப்புப் போட்டுக் கழுவினேன்.
மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில்
டம்ளர் தேய்ப்பது போலத் தேய்த்தேன்.

உவரியில் கிளாட்சன். ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை.
இட்டமொழியில் ஜெபக்கனி டீச்சர்.
நாலுமுக்கில் ஒரு வனக்காவலர்,
தினமும் நனைகிறவரை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.
வண்ணாரப்பேட்டையில் முப்பிடாதி.
அவள் வீட்டுக் கீழ்த்தளச் சுவரில்
ஆறு வந்து நின்ற கோடு இன்னும் இருக்கிறது,
காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் மேலே.
வெள்ளையடிக்க வந்தவனிடம்
அதை மட்டும் விட்டுவிடு என்றாளாம்.
எங்களில் அளவு தவறாதவள் அவள்தான்.

ராத்திரி ஒன்பதரைக்குக் கொண்டல் திரும்பியது.
கடையின் பிளக்ஸ் பலகை ஒருமுறை புடைத்து அடங்கியது.
பத்தேகால். கிளாட்சன்: "விழுது."
பத்தரை: "விழுதுன்னு சொல்லக்கூடாது, ஊத்துது."
பதினொன்று. இட்டமொழி.
ஜெபக்கனி டீச்சர் எழுதவில்லை, ஓட்டுச் சத்தத்தை
ஒரு நிமிடம் பதிந்து அனுப்பினார்.
நான் மாடியில் நின்று அதைக் காதில் வைத்துக் கேட்டேன்
என் தலைக்கு மேலே கார்த்திகை மீன்கள்.

கடலிலிருந்து நீட்டிய கயிறு மாதிரி
ஒரே வரிசை மேகம்.
திசையன்விளை, இட்டமொழி, பரப்பாடி
அப்படியே களக்காட்டு மலையில் போய் முட்டுகிறது.
கயிற்றின் அகலம் எட்டு கிலோமீட்டர் இருக்குமா?
வடக்கே நகரு, வடக்கே நகரு என்று
போன் திரையை விரலால் தள்ளினேன்.
படம் நகர்ந்தது.
தெற்கே மின்னல் சுவரெழுப்பி நின்றது,
சத்தம் வரக்கூடத் தோது இல்லாத தூரம்.

இரண்டு மணிக்கு முப்பிடாதி:
"இங்க நிலா தெரியுது. ஆத்துல சத்தமில்ல.
நிம்மதியா இருக்கு."
கொஞ்சம் கழித்து, தனியே:
"சங்கடமாவும் இருக்குல்லா."
யாரும் பதில் எழுதவில்லை.
எனக்கும் அதுதான், ஆனால்
என் சுவரில் கோடு இல்லை.

காலை எட்டரை. அளக்கிற நேரம்.
உவரி நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர்.
படகு ஒன்றும் இறங்கவில்லை, ஐஸ் விற்கவில்லை,
முதலாளி முகம் பார்க்க முடியவில்லை என்று
கிளாட்சன் எழுதியிருந்தான், பின்னாலேயே
குப்பியைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம்.
இட்டமொழி எண்பத்தேழு. பள்ளிக்கு விடுமுறை.

என் குப்பியைச் சாய்த்துப் பார்த்தேன்.
அடியில் ஒரு கண்ணீர்த்துளி அளவு ஈரம்.
பனியாகவும் இருக்கலாம்.
எழுதலாமா என்று யோசித்து
பூஜ்யம் புள்ளி இரண்டு என்று எழுதினேன்.

தலையாரி வந்தார், சரியான நகலுக்கு.
"மழை மழைன்னியே, பெஞ்சுதா?"

"பரப்பாடி வரைக்கும் நல்ல மழை" என்றேன்,
சித்தப்பா மகன் பாசாகிவிட்டதைச் சொல்கிற குரலில்.

பதினேழாம் தேதிக்கு இன்னொன்று காட்டுகிறது.