தலைமாடு

ஆறு ஐம்பத்தெட்டு ரயிலில் இரண்டு ஊரும்
ஒரே பெட்டியில்தான் பாஸ்டனுக்குப் போகின்றன.
ஒரே காபி, ஒரே கொட்டாவி,
சவுத் ஸ்டேஷனில் ஒரே கதவில் இறங்கும் மழைக்கோட்டுகள்.
பில் மட்டும் வேறு.

ஹார்ல்டனில் ஆயிரம் டாலருக்குப் பதினேழு.
பிட்னியில் பத்தரை.
நடுவே ஓடுவது வாய்க்கால்கூட இல்லை,
ஒரு வரி.
எவனோ ஒரு பனிக்காலத்தில்
விரல் விறைக்க இழுத்தது.
அது அன்செல்மோ கின்டெலாவின் அடுக்களை வழியாகப் போகிறது.

நான் ஹார்ல்டன் மதிப்பீட்டு அலுவலகம்.
லேசர் கருவியோடு போயிருந்தேன்.
கோடு பிசகு என்று அவர் மேல்முறையீடு செய்திருந்தார்.
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்,
அரை அங்குலத்துக்கும் பதில் கேட்பவர்.
"அடுப்பு பிட்னியில், ஃபிரிட்ஜ் ஹார்ல்டனில்.
ஒரு முட்டை பொரிக்க ஊர் விட்டு ஊர் போகிறேன்.
முட்டை இருக்கும் பக்கம் மட்டும் ஏன் இத்தனை விலை?"

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.
பிட்னிக்கு நெடுஞ்சாலை வாய்த்தது.
அதன் ஓரம் ஒரு கிடங்கு படுத்திருக்கிறது,
பதினெட்டு ஏக்கர், ஜன்னலே கிடையாது.
அதற்குப் பிள்ளைகுட்டி இல்லை.
பள்ளிக்கூடம் கேட்காது,
நடுராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
ஆம்புலன்ஸ் கூப்பிடாது.
வரியைக் கட்டிவிட்டு லாரிகளைத் துப்பிக்கொண்டிருக்கும்.

ஹார்ல்டனில் என்ன இருக்கிறது?
மேப்பிள் மரங்கள்.
ஒரு மடம், ஒரு கல்லூரி, கல்லறைத்தோட்டம்:
மூன்றுக்கும் விலக்கு.
மிச்சமெல்லாம் வீடு.
வீடென்றால் பிள்ளை, பிள்ளையென்றால் வாத்தியார்,
மஞ்சள் பஸ், ஓபோ ஊதச் சொல்லித்தர ஓர் ஆள்,
அவர் ஓய்வுபெற்று ஃப்ளோரிடா போன பிறகும்
முப்பது வருஷத்துக்கு அவருக்கு ஒரு காசோலை.
கடையே வேண்டாமென்று ஊர்க்கூட்டத்தில் கை தூக்கியதும்
இதே வீட்டுக்காரர்கள்தான்.
அமைதியின் விலை
காலாண்டுக்கு ஒருமுறை தபாலில் வருகிறது.

"அப்படியானால்," என்றார்,
"இங்கே இல்லாத கிடங்குக்கு நான் வரி கட்டுகிறேன்."
இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.
குறித்துக்கொள்ளப் பார்த்தேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பின்னறையில் அளந்தபோது சிவப்புப் புள்ளி
கட்டில் மேல் ஏறி நின்றது.
கோடு பதினான்கு அங்குலம் பிசகுதான்.
அவர் சொன்னது சரி.
ஹார்ல்டன் பில்லில் நானூற்றுப் பன்னிரண்டு டாலர் குறையும்.

அவர் சந்தோஷப்படவில்லை.
தரையைப் பார்த்தார்; நானும் பார்த்தேன்.
மரப்பலகையில் நான்கு நீளக் கீறல்கள்,
கட்டிலை ஹீட்டர் பக்கத்திலிருந்து
ஜன்னல் பக்கம் இழுத்த தடம்.
பிள்ளை எங்கே தூங்குகிறாளோ
அந்த ஊர்ப் பள்ளி.
இரண்டு ஊரும் பல காலம் முன்பே பேசிவைத்தது.
பதினான்கு அங்குலம் அவர் பக்கம் வந்தால்
இனேஸின் தலையணை பிட்னிக்குப் போகிறது.
சுவரோரம் ஓபோ, பெட்டி திறந்தபடி.

"அளவு தப்பாக இருக்கலாமே," என்றார் மெதுவாக.
தப்பில்லை.
"மனுவை வாங்கிக்கொள்கிறேன்."
எழுதி வைத்தாயிற்று என்றேன், மை காயாமலே.

கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ் சத்தம்.

"தூங்குவது என்றால்," என்று கேட்டார்,
"தலையா, முழு உடம்பா?"

விதிப்புத்தகம் காரில் இருந்தது.
வெளியே மழை. போய் எடுக்கலாம்.
"தலை," என்றேன்.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்
கட்டிலைத் திருப்பினோம்.
தலைமாடு ஜன்னலடியில், ஹார்ல்டனில்.
கால்மாடு பிட்னியில்.
ஜனவரியில் அந்த ஜன்னலில் காற்று புகும்.
தொப்பி போட்டுக்கொண்டு தூங்குவாள் என்றார்.

அவருக்குக் குறைந்த நானூற்றுப் பன்னிரண்டு
எங்கும் மறைந்துவிடாது.
ஹார்ல்டனின் நாலாயிரத்து அறுநூறு வீடுகள் மேல்
வீட்டுக்கு ஒன்பது சென்ட்டாக இறங்கும்.
யாருக்கும் தெரியப்போவதில்லை.
அதில் ஓர் ஒன்பது சென்ட்
எல்ம் தெருவில், என் வீட்டுக்கு வரும்.