குலுக்கலில் விழுந்த இரவு

கூட்டுறவுச் சங்கக் குலுக்கலில்
முதல் பரிசு மோட்டார் சைக்கிள்.
எங்களுக்கு விழுந்தது மூன்றாவது:
மேட்டுப் பங்களா ஹோட்டலில் ஒரு ராத்திரி,
இருவருக்கு, பசியாறலோடு.

வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர்.
அதற்கு ஒரு பெட்டி எடுத்தாள் தவமணி.
தூக்கிப் பார்த்தேன், காலி.
"வெறுங்கையோட போனா
வேலைக்கு வந்தவங்கன்னு நெனச்சிருவாங்க."

ஏழே அறைகள்.
பெயர்ப்பலகை உள்ளங்கை அகலம்,
ஏற்கெனவே தெரிந்தவர்கள் வந்தால் போதும் என்பதுபோல.
வரவேற்பில் நூருல் ஐன்,
எங்கள் மகளோடு ஆறாண்டு படித்தவள்.
"பயணம் நீண்டதோ?" என்று
மனப்பாடம் செய்ததை மலாயில் கேட்டுவிட்டு
தானே வாயைப் பொத்திச் சிரித்தாள்.
குளிர்ந்த துண்டு ஒன்று நீட்டினாள்.
முகத்துக்கா கைக்கா தெரியவில்லை,
பிடரியைத் துடைத்துக்கொண்டேன்.

எங்கேயும் விலை எழுதியிருக்கவில்லை.
மேசைமேல் குப்பியில் குச்சிகள் செருகி செராய் வாசம்;
நாங்கள் கால்வாயோரம் கொசுவுக்கு வளர்ப்பது.
தலையணைக்குக்கூட ஒரு பட்டியல்:
வாத்து இறகு, இலவம்பஞ்சு, ரப்பர் பால்.
ரப்பர் பாலை விரலால் அமுக்கிப் பார்த்தாள்,
பதினாறு வயதில் அதை வாளியில் சுமந்தவள்.
"வாத்தே போதும்."

கதவைச் சாத்தினேன்.
சாத்திய சத்தம்கூட இல்லை.
காசுள்ளவர்கள் காசு கொடுத்து வாங்குவது
இதைத்தான் போலும்.
எனக்கு மட்டும் காதுக்குள் ஒரு விசில்,
முப்பத்தோரு வருஷத்து ஆலை,
எந்த அறையெடுத்தாலும் கூடவே தங்கும்.

தவமணி படுக்கையின் குறுக்கே தூங்கிப்போனாள்,
காயப்போட்ட துணி கொடியிலிருந்து நழுவி விழுந்தாற்போல.
அத்தனை பெரிய கட்டிலில்
எனக்கு ஓரம்தான் மிச்சம்.
பால்கனிக்கு வந்தேன்.

கீழே செம்பனை, இருட்டுக்கு மேல் இருட்டு.
அதன் நடுவே எங்கள் ஆலை, மூன்று விளக்கு.
உள்ளே நின்றால் அது ஒரே இரைச்சல்,
வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம்.
இங்கிருந்து கேட்டால்
ஒவ்வொன்றும் தனித்தனியாக வருகிறது:
குலைகள் வேகும் உருளை
மூன்று முறை பெருமூச்சு விடுகிறது,
கொதிகலன் தொண்டையைச் செருமுகிறது,
பிறகு
ஒரு தட்டல்.

சின்னது. பல்லில் சிக்கிய எள் அளவு.
ஐந்து எண்ணினேன், மறுபடியும்.
ஐந்து எண்ணினேன்.

கைப்பேசியில் தில் பகதூர்.
"ரெண்டாம் நம்பர் பிரஸ். பின் பக்கத்து பேரிங்.
கை வைத்துப் பார்."
"அண்ணே, இன்றைக்கு உங்களுக்கு லீவு."
"தொட்டுப் பார் முதலில்."
நேரம் ஓடியது. தவளைகள் நிரப்பின.
"சுடுது அண்ணே. கை வைக்க முடியல.
நீங்க எங்கே நிக்கிறீங்க, வாசல்லயா?"

நிறுத்தினான்.
பள்ளத்திலிருந்து வந்த கயிற்றில்
ஒரு புரி மட்டும் அறுந்தது.
தவமணி புரண்டு, விழிக்காமலே,
"என்ன சத்தம்?" என்றாள்.
ஒரு சத்தம் நின்றுபோனதைச் சொல்ல
எனக்கு வார்த்தை வரவில்லை.
"ஒண்ணுமில்ல" என்றேன்.

காலையில் முட்டை நாலு விதத்தில் வந்தது.
பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி,
கரண்டி தட்டில் படாமல் தின்னத் தெரிந்தவர்கள்.
தவமணியும் அப்படியே தின்று பார்த்து
மூன்றாவது வாயில் கைவிட்டாள்.
நான் கோப்பியைச் சத்தமாகவே உறிஞ்சினேன்.

புறப்படும்போது பெட்டி கனத்தது.
இரண்டு ஜோடி துணிச் செருப்பு, சோப்பு,
செராய்க் குப்பியும் உண்டென்று
வாசத்தில் தெரிந்தது.

நூருல் ஐன் ஒரு தாள் கொடுத்தாள், கட்டங்கள் போட்டது.
மெத்தை: நன்று. சாப்பாடு: நன்று.
இரவில் சத்தம் ஏதும் தொந்தரவு செய்ததா?
அந்தக் கட்டத்தில் மட்டும்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

'இருந்தது,' என்று எழுதினேன்.
'இரண்டரை மணிக்குச் சரிசெய்தாயிற்று.'