ஆயிரத்தொன்று

எங்கள் ஷாட்டுகள் ஒன்றில் தொடங்குவதில்லை.
முதல் பிரேமுக்கு எண் ஆயிரத்தொன்று.
மொய் நோட்டில் எழுதுவார்களே, அதே தொகை.
நாளைக்கு இயக்குநர் வந்து
"முன்னால் இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்றால்
பின்னோக்கி இறங்கப் படிகள் வேண்டும்,
பூஜ்ஜியத்துக்குக் கீழே
யாரும் விழுந்துவிடக் கூடாது.

படிகளுக்கு ஸ்டுட்கார்ட்டில் பஞ்சமில்லை.
ஊரே ஒரு கிண்ணம். விளிம்பில் என் வீடு.
அடியில் வேலை:
வருடக்கணக்காகத் தோண்டிக்கொண்டே இருக்கும்
ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி,
ஜன்னல் இல்லாத அறை.

எடிட்டர் வெட்டுவார். மூன்றாம் மாடியில்
மழையும் நெருப்பும் செய்வார்கள்.
நான் நடுவில் கணக்குப்பிள்ளை.
எந்த ஷாட், எத்தனை பிரேம், எத்தனையாவது வெர்ஷன்,
எது போயிற்று, எது வந்தது, எது நிலுவை.
"வெட்டி வேலையா?" என்றான் தம்பி போனில்.
வெட்டுகிற வேலைக்குப் பக்கத்து நாற்காலி என்றேன்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் இருபுறமும்
எட்டெட்டு பிரேம் கூடுதலாக அனுப்புவேன்,
ரவிக்கைக்கு உள்ளே பிடித்துத் தைக்கும் துணிபோல.
திரைக்கு வராத அந்த எட்டில்தான்
குதிரையைப் பிடித்திருந்த பையன் கையை விடுகிறான்.
அழப்போகிறவள் மூக்கைச் சொறிகிறாள்.
நொடியில் மூன்றிலொரு பங்கு.
பார்த்தவர்கள் உலகத்தில் ஐந்தாறு பேர் இருப்போம்.

ஷாட் 0420. ஆறு, பனி.
மூழ்குகிறவளின் கூந்தல் நீருக்குள் அவிழ வேண்டும்.
நவம்பரில் தொடங்கினான் வீலாண்ட்.
மயிரிழை என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம்.
அவன் அதை எண்ணிச் செய்தான்.
வெர்ஷன் அறுபத்து மூன்றில்
இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை.
எங்கள் தொழிலில் அது கைதட்டல்.

வியாழன் மாலை புது எடிட் வந்தது.
பழையதன்மேல் வைத்து ஓட்டினேன்.
எல்லாம் பொருந்தி வந்து, இரண்டாம் ரீலில்
0419இன் வால் 0421இன் தலையைத் தொட்டது.
இடையில் ஒரு கறுப்புப் பிரேம்கூட இல்லை.
மறுபடி ஓட்டினேன்.
எரிச்சல் என்னவென்றால்
படம் இப்போதுதான் நன்றாக இருக்கிறது.
அவள் நீரில் கால் வைக்கிறாள்;
அடுத்து, வெறும் ஆறு.

பட்டியலில் "நீக்கம்" என்று அடித்தேன்.
எங்கள் ஏட்டில் எதையும் அழிப்பதில்லை,
வரி சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான்.
அந்த எண்ணை வேறு ஷாட்டுக்கும் தரமாட்டோம்.

மெயில் போட்டிருக்கலாம். மாடி ஏறினேன்.
ஆறிப்போன நூடுல்ஸ் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான்.
திரையில் கூந்தல் அவிழ்ந்து அவிழ்ந்து
மறுபடி ஆயிரத்தொன்றிலிருந்து.
முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"எத்தனை பிரேம் குறைச்சாங்க?"
எல்லாம், என்றேன்.

அவன் நிறுத்தவில்லை; ஓடட்டும் என்று விட்டான்.
சற்றுக் கழித்து முள்கரண்டியால் காட்டினான்.
"இங்கே பார். ஆயிரத்து மூன்று.
காதுக்குப் பின்னால் ஒரு இழை தனியாகப் பிரியும்.
படத்தில் வராத இடம்.
தெரிந்துதான் செய்தேன்."
பார்த்தேன். பிரிந்தது.
இன்னொரு சுற்று வரும்வரை நின்று
இன்னொரு முறை பார்த்தேன்.
ஆறுதலாக ஏதும் தோன்றவில்லை.
டப்பாவை நான் எடுத்துப்போய்க் குப்பையில் போட்டேன்.

வீடு சேர இரவு ஒரு மணி.
கதவுப்பிடியில் மரப்பலகை தொங்கியது:
இந்த வாரம் மாடிப்படி பெருக்கும் முறை எனது.
வேறு எதையும் மன்னிப்பார் கீழ்வீட்டுத் திருமதி ஹேகெலே.
விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு காலுறையோடு,
சத்தமில்லாமல், மேலிருந்து கீழாகப் பெருக்கினேன்.
கடைசிப் படியில் ஒரு நீள முடி.
யாருடையதோ.
விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு
அதையும் தட்டில் சேர்த்தேன்.