தையல் தாவுதல்

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில்தான் முதலில் தெரிந்தது.
இரண்டாம் கியர், ஏசி போட்டபடி,
ஒரு குலுக்கு. பிறகு சீர்.
பிறகு தொடர்ந்து இரண்டு குலுக்கு.
பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை எடுக்கவேயில்லை.
டாஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு குட்டி என்ஜின்
கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் குலுக்கு எனக்குப் புதிதல்ல.
இருபத்திரண்டு வருடமாய்ப் பள்ளிச் சட்டை தைக்கிறேன்.
வெள்ளைத் துணியில் ஒழுங்காய் ஓடும் தையல்
ஓரிடத்தில் தாவும்.
கண்ணுக்கு முன்னம் கை அறியும்.
உடனே மெஷினையா விற்கிறோம்?
ஊசியை மாற்றுவோம்.

கொம்பனிக் கராஜில் கண்ணாடிக் கதவு,
கடதாசிக் கோப்பையில் சீனி கூடிய தேத்தண்ணி.
கழுத்துப்பட்டி கட்டிய திலக்ஷன்
என்ஜின் போயிற்று என்றான்.
மாற்ற நாலு லட்சத்து எண்பதாயிரம்,
இந்த மாதத்துக்குள் என்றால் கழிவு உண்டு.

எந்தச் சிலிண்டர் என்று கேட்டேன்.
கேட்டது நான்,
பதில் போனது என் மனுசனுக்கு.
அருமைநாயகத்துக்குச் சைக்கிள் மட்டும்தான் ஓடத் தெரியும்.
பாவம், பூசையில் பிரசங்கம் கேட்கிறவர் மாதிரித்
தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கொம்பியூட்டர் சொல்லுது."
சொன்ன கடதாசியைக் காட்டும் என்றேன்.
ஓர் எழுத்து, நாலு இலக்கம்,
கடைசி இலக்கம் இரண்டு.
இரண்டாவது சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கிறது,
அவ்வளவுதான் எழுதியிருந்தது.
ஏன் என்று இல்லை.
என்ஜினைத் தூக்கி எறி என்றும் இல்லை.

"பிளக்கைக் கழட்டிப் பாத்தீரா தம்பி?"
"அது எங்கட முறையில்லை, அன்ரி."

சாம்பல்தீவு. கார்த்திகை மழை.
தகரத்தின் கீழ் பொனற்றைத் திறந்து
பத்தாம் நம்பர் சாவியோடு குனிந்தேன்.
மூன்று சிலிண்டர், மூன்று கொயில்,
மூன்றும் ஒரே கறுப்பு.
தையல் சோக்கால் ஒன்று, இரண்டு, மூன்று என்று
முதுகில் எழுதினேன்,
கைவெட்டுத் துண்டில் இடம் வலம் எழுதுவதுபோல.
இரண்டை மூன்றில் வைத்தேன்,
மூன்றை இரண்டில்.
அருமைநாயகம் குடை பிடித்தார். பாதி மழை என் கழுத்தில்.

திறப்பைத் திருகினேன்.
அதே குலுக்கு.
கிண்ணியாவில் பழைய சாமான் விற்கும் சவாஹிர்
இரவலாய்த் தந்த கைக்கருவியைச் சொருகினேன்.
கடைசி இலக்கம் மூன்று.

மூன்று!
வியாதி கொயிலோடு நடந்து போயிருக்கிறது.
வீடு மாறியவனைப் பின்தொடர்ந்த கடன்காரன்போல்.
நான் சிரித்த சிரிப்பில்
அருமைநாயகம் குடையைத் தவறவிட்டார்.

திலக்ஷனுக்கு ஃபோன் எடுத்தேன்.
கொயில் தனியாக வராதாம். மூன்றும் செட்டாகத்தானாம்.
எப்படியும் என்ஜின் போகுமாம்.
எல்லாம் ஒருநாள் போகும்தான், தம்பி, என்று வைத்தேன்.
அதற்குப் பிறகும் கை நடுங்கியது. ஏனென்று தெரியவில்லை.
அவன் சரியாக இருந்தால்?

கழற்றியதை வெளிச்சத்தில் பிடித்தேன்.
றப்பர்க் காலில் மயிர்ப் பிளவு,
உள்ளே பச்சையாய்ப் பூத்த உப்பு.
இந்த ஊரில் கடல் எதைத்தான் விட்டுவைத்தது,
ஊசிப் பெட்டியையும்தான்.

சவாஹிர் ஒரு கொயிலைத் துடைத்துத் தந்தார்.
அடிபட்ட காரிலிருந்து எடுத்ததாம்.
"நல்லதோ எண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி.
சரிவராட்டித் திருப்பிக் கொண்டாங்க."
இந்த ஒரு கிழமையில்
தெரியாது என்று சொன்ன முதல் ஆள்.
விலை பேசாமல் காசைக் கொடுத்தேன்.

அங்கேயே பூட்டி, கிண்ணியாப் பாலத்தில் ஏற்றினேன்.
கண்ணாடியை இறக்கி, ரேடியோவை நிறுத்தி,
மூன்றாம் கியரில் மெல்ல.
கீழே தோணிகள், மேலே மழை விட்ட வெளிச்சம்.
சீராக ஓடியது.
சீராகத்தான் ஓடியது.
நடுப் பாலத்தில் ஒரு தட்.

பாலத்தின் பொருத்தாக இருக்கும்.
அடுத்த பொருத்து வரும்வரை
மூச்சை எண்ணிக்கொண்டு ஓட்டினேன்.