நியாயமானது

வினிபெக்கில் பெடரல் கோர்ட்டுக்கு
ஒரு மாடியில் பாதி உண்டு.
நீதிபதி கிடையாது.
தலைநகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்
அவர் குடியிருக்க வேண்டுமென்று
சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.
வழக்கு இருந்தால் விமானத்தில் வருவார்,
அங்கியைக் கைப்பெட்டியில் மடித்துக்கொண்டு.

இரண்டு தெரு தள்ளி மாகாணத்தின் கோர்ட்.
திருட்டு, மணமுறிவு, வேலிச் சண்டை,
அங்கே எப்போதும் சனம்.
இங்கே காப்புரிமை வரும்,
கடல் இல்லாத ஊரானாலும் கப்பல் வழக்கு வரலாம்,
பிறகு, குணநாயகம் வந்தார்.

வந்து சேரவே நாலு வருசம்.
அகதிச் சபை அவரை நம்பவில்லை.
அதன் மேல்முறையீட்டுப் பிரிவு
நம்பாததை நம்பியது, தபாலில்.
இந்தக் கதவைத் தட்டுவதற்கே
தனியாக ஒரு மனுப் போடவேண்டும்;
மறுத்தால் ஒற்றை வரி, காரணம் சொல்லார்.
இவருக்குத் திறந்தது.
அன்று வக்கீல் ஃபிரீசனின் மேசையில்
ஒரு பெட்டி டோனட் வைத்துவிட்டுப் போனார்
பேக்கரியின் இரவு வேலைக்கு.

பெப்ரவரிப் புயலில்
நீதிபதியின் விமானம் மூன்று மணி பிந்தியது.
குணநாயகம் இரண்டு தரம் கீழே போய்
மீட்டருக்குக் காசு போட்டுவிட்டு வந்தார்.
உள்ளே அவர் பேசவேண்டி வரவில்லை.
இந்தப் படியில் ஆள் பேசுவதில்லை,
கோப்புத்தான் பேசும்.
முதுகுத் தழும்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை.
இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தைப் பற்றி
ஒரு மணி நேரம் கேட்டார்கள்.
நான் காதுக்குள் தமிழாக்கிக்கொண்டிருந்தேன்.

ஆறு கிழமை கழித்துத் தீர்ப்பு.
ஃபிரீசன் வாசித்தாள். நான் சொன்னேன்:
"சபையின் முடிவு நியாயமானது."

அவர் நிமிர்ந்தார்.
"நியாயமோ?"

என்னிடம் வேறு சொல் இருக்கவில்லை.
சரியா என்று இவர்கள் பார்ப்பதில்லை, அண்ணை,
அந்த முடிவுக்கு அந்த வழியால்
புத்தியுள்ள ஒருவர் போய்ச் சேரலாமா,
அதை மட்டும்தான்...
ஆங்கிலத்தில் அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது,
சின்னது, கை கழுவின சொல்.
தமிழில் அது போய் விழுகிற இடத்தில்
தராசு இருக்கிறது, ஆராய்ச்சி மணி இருக்கிறது,
ஒரு பசுவும் நிற்கிறது.

"வழி சரி, போய்ச் சேர்ந்த ஊர் பிழை
எண்டாலும் நியாயமோ?"

என்ன கேட்கிறார் என்றாள் ஃபிரீசன்.
அடுத்தது என்னவென்று கேட்கிறார், என்றேன்.
பதினேழு வருசத் தொழிலில்
நான் மாற்றிச் சொன்ன ஒரே வரி.

அடுத்தது இருந்தது.
மேலே மேல்முறையீட்டு மன்றம்,
அதற்கும் மேலே ஒட்டாவாவில் ஒன்பது பேர்.
ஆனால் ஏணியை இறக்கவேண்டியவர்
அந்த நீதிபதியேதான்:
நாட்டுக்கே பொதுவான முக்கியமான கேள்வி
இதில் ஒன்று உண்டென்று
அவர் கையெழுத்து வைக்கவேண்டும்.
கடைசிப் பக்கம், கடைசி வரி.
அதையும் சொன்னேன், ஒரு சொல் பிசகாமல்:
அப்படிக் கேள்வி எதுவும் எழவில்லை.

குணநாயகம் தீர்ப்பை நாலாக மடித்து
ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தார்.
மற்றப் பையைத் துழாவி
பறவை போட்ட இரண்டு டொலர்க் குற்றிகளை
என் பக்கம் நகர்த்தினார்.

"உங்கட மீட்டர் முடிஞ்சிருக்கும், தங்கச்சி.
போட்டிட்டு வாங்கோ."