பிற செலவு

வியாழன் இரவு எட்டுக்கு
ட்வோரோய்ரி விளையாட்டுக் கூடத்தின் சாவி என்னிடம்.
மன்றத்தின் பணப்பெட்டியும் என்னிடம்தான்.
அதனால் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து
நிம்மதியாய்க் காபி குடிப்பதில்லை.

குழாய்க்குப் பன்னிரண்டு பந்து.
பந்துக்குப் பதினாறு இறகு,
எல்லாம் பெருவாத்தின் இடப்பக்கச் சிறகிலிருந்து.
வலப்பக்கத்தையும் கலந்துவிட்டால்
எப்படிச் சுழல்வதென்று தெரியாமல் தள்ளாடுமாம்,
எங்கள் செயற்குழுவைப் போல.

நல்ல ஆட்டமென்றால் மூன்று சாகும்.
எய்யுன் ஆடினால் ஐந்து.
மீன் ஆலையில் பெட்டி தூக்கும் கை அது.
மெல்ல அடியேன் என்றால்
மெல்ல என்பது யார் என்று கேட்கும்.

மஞ்சள் பிளாஸ்டிக்கோ
மாதக்கணக்கில் அடி வாங்கினாலும்
பாவாடை கொஞ்சம் கசங்குவதோடு சரி.
புயலில் கப்பல் வராத வாரத்திலும் கவலையில்லை.
நானே எழுந்து சொன்னேன்:
பயிற்சிக்கு இனி மஞ்சள், போட்டிக்கு மட்டும் வெள்ளை.
ஏழு கை உயர்ந்தது.
மாலானின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

மாலான் என் ஜோடி, பதினொரு வருடமாய்.
முன்னால் அவள், பின்னால் நான்.
வலையருகே நிற்பவள் திரும்பிப் பார்ப்பதில்லை.
முதுகுக்குப் பின்னால் நடப்பதையெல்லாம்
காதால் வாங்கிக்கொள்வாள்.

மஞ்சள் வந்த முதல் வியாழன்
நான் ஓங்கி அறைந்தேன்;
தட்டிவிட்டேன் என்று நினைத்து வலையோடு ஒட்டினாள்.
நான் தட்டினேன்;
அறைந்துவிட்டேன் என்று விலகி நின்றாள்.
ஒருமுறை பந்து அவள் பின்மண்டையில்.
வலிக்கவில்லை. ஆனால் திரும்பினாள்,
பதினொரு வருடத்தில் முதல்முறையாக.

"பொத்," என்றாள்.
"நீ என்ன செய்தாலும் இது பொத் என்கிறது."

இறகு அப்படியில்லை.
அறைந்தால் சவுக்கின் நுனி வெடிக்கும்.
தட்டினால்
யாரோ ஒரு தபாலட்டையை மேசையில் வைத்த சத்தம்.
சாய்த்து வெட்டினால் சின்னதாய் ஒரு சீறல்,
அவ்வளவில் அவள் கால் கிளம்பியிருக்கும்.
அதுவுமில்லாமல்
உச்சிக்குப் போன இறகு ஒரு கணம் யோசிக்கும்,
மனம் மாறிச் செங்குத்தாய் விழும்.
மஞ்சளுக்கு மாறுவதற்கு மனம் ஏது.

வீட்டில் பேரேட்டைப் பிரித்தேன்.
சந்தா, வாஃபிள் விற்ற காசு, விளக்குக் கட்டணம்.
எப்படிக் கூட்டினாலும் கணக்கு உதைத்தது.
ஜன்னலுக்கு வெளியே
அக்டோபரைத் தாண்டிப் பிழைத்த பெருவாத்துகள்
மழையில் தெருவைக் கடந்துகொண்டிருந்தன,
இரண்டு சிறகையும் இறுக மடித்து,
இடது எது என்று யாருக்கும் காட்டாமல்.

கூடத்துப் பரணில் ஒரு மீன்பெட்டி உண்டு.
இரண்டு வருடமாய்ச் செத்த பந்துகள்.
தூக்கிப்போட மனம் வராதது கஞ்சத்தனம்தான்,
வேறு பெயர் சொல்ல மாட்டேன்.
நெட்டி உடைந்தவை, ஓர் இறகு இழந்தவை,
கொஞ்சம் நொண்டுபவை.
கெட்டிலைக் கொதிக்கவிட்டு
ஒவ்வொன்றாய் ஆவியில் காட்டினேன்.
அடுப்பங்கரையில் ஈரப் பறவை வாசம்.
நாற்பத்தொன்று தேறியது.

அடுத்த வியாழன் மாலான் ஒன்றைக் கையில் உருட்டினாள்.
"நேராய்ப் போகாதே இது?"
"போகாது. கேட்டுப் பார்."

குடிகாரன் நடையில் போனது.
ஆனால் போகும் முன் சொல்லிவிட்டுப் போனது.
நான் வெட்டினேன், அவள் நகர்ந்திருந்தாள்.
நான் தட்டினேன், அவள் ராக்கெட் வலைக்கு மேலே காத்திருந்தது.
எதிர்ப்பக்கம் எய்யுன் வசை ஒன்றை விழுங்கினான்.

ஒன்பது மணிக்குள் பதினேழு முடிந்தது.
இந்தக் கணக்கில் மீன்பெட்டி
இன்னும் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

போகும்போது கைப்பையிலிருந்து
புதுக் குழாய் ஒன்றை எடுத்து
சாவியோடு அவளிடம் நீட்டினேன்.
எந்தப் பணம் என்று அவள் கேட்கவில்லை.
பேரேட்டில் பிற செலவு என்று எழுதி
அடித்துவிட்டு
என் சொந்தப் பெயரை எழுதியிருந்தேன்.

மூடியைத் திறந்து முதல் பந்தை வீசினாள்.
விளக்கை அணைக்கும் முன் ஒன்றே ஒன்று என்றாள்.
அறைந்தேன்.
கூடம் முழுக்கக் கேட்டது, கூடவே ஓர் இறகு ஒடிந்ததும்.

பரவாயில்லை என்றேன்.
பொய். விலை எனக்குத் தெரியும்.