குளிர்ந்த எஞ்சின்

ஆகஸ்டில் பதினான்காம் எண் பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.
ஐந்தரை மணிக்கு நான் பேக்கரியில் மாவு பிசையவேண்டும்.
ஆகவே நாற்பத்து மூன்று வயதில்,
மூன்றாவது முயற்சியில்,
ஓட்டுநர் உரிமம்.
அதிலிருக்கும் படத்தில்
எதையோ திருடி மாட்டிக்கொண்டவள்போல் இருக்கிறேன்.

கையில் ஆயிரத்து நானூறு யூரோ.
கெமி நகரத்தில் அந்தப் பணத்துக்கு
மூன்று கார்கள் இருந்தன.
மூன்றும் என் மகனைவிட மூத்தவை.

முதலில் வோல்வோ.
நல்ல நீளம், தோல் இருக்கை.
விற்கிறவர் கதவைத் திறந்துவிட்ட விதத்தில்
எனக்கே என்மேல் மரியாதை வந்தது.
ஒரே ஓனர், என்றார்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
கையுறையைக் கழற்றி
முன்மூடிமேல் உள்ளங்கையை வைத்தேன்.
அடுப்பை விட்டு இறக்கி அரைமணி ஆன ரொட்டியின்
வெதுவெதுப்பு.
எனக்கு எஞ்சினைத் தெரியாது.
ரொட்டியைத் தெரியும்.
நான் வருவதற்குள் அதை எழுப்பி
எந்த இருமலை அடக்கி வைத்தீர்கள் என்று
கேட்கவில்லை.
நன்றி சொல்லிவிட்டு நடந்தேன்.

கொரோல்லா வைத்திருந்தவன் நீலோ, கல்லூரி மாணவன்.
"சாலையில் கொட்டுகிற உப்பு
மேலே நக்காது, அடியில் தின்னும்"
என்று கூட வேலைசெய்யும் தாபியோ எச்சரித்திருந்தான்.
பிரிட்ஜ் கதவிலிருந்த ஸ்ட்ராபெரிக் காந்தத்தை
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
கதவில் ஒட்டியது.
கூரையில் ஒட்டியது.
பின்சக்கரத்துக்கு மேலே வைத்தேன், விழுந்தது.
மறுபடி வைத்தேன்.
பையன் பனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அங்கே இரும்பே இல்லை,
பட்டியும் பெயிண்டும் நம்பிக்கையும்தான்.
என் கடைவாய்ப் பல்லும் அப்படித்தான் என்றேன்.
சிரித்தான். விலையில் இருநூறு குறைத்தான்.
அந்த இருநூறு
இரண்டு ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.
கொரோல்லா சாகாது என்கிறார்கள்.
சாகாதுதான்.
அதைச் சுற்றியிருக்கும் தகரம் செத்துவிடும்.

(புது ஓட்டுநர் என்பதற்காகக்
காப்பீட்டுக்காரர்கள் கேட்ட தொகையில்
நல்ல அடுப்பொன்று வாங்கலாம்.
அதை இங்கே எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.)

ஹெல்காவின் ஓப்பலில் அழகென்று ஒன்றுமில்லை.
உடம்பெல்லாம் வெள்ளி நிறம்,
ஒரு கதவு மட்டும் பச்சை.
தாளில் எழுதி வைத்திருந்தாள்:
பக்கத்து இருக்கைச் சன்னல் இறங்காது.
மூன்றாவது கியருக்குப் பொறுமை வேண்டும்.
முன்பிரேக்கை மாற்றாமல் வசந்தத்துத் தணிக்கையில் தேறாது.
ரேடியோ மழை பெய்தால்தான் பாடும், ஏனென்று தெரியாது.
தாளைத் திருப்பினால் பின்பக்கமும் இருந்தது.

மூடிமேல் கை வைத்தேன்.
தோல் ஒட்டிக்கொள்ளும் குளிர்.
"எஞ்சின் சூடாக்கும் கம்பியை
நேற்றிரவு செருகவில்லை" என்றாள்,
"நீங்கள் கேட்கவேண்டுமே."
சாவியைத் திருப்பினேன்.
இருமியது.
இருமியது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, ஞாயிற்றுக்கிழமை எழுப்பப்பட்டவர்கள் மாதிரி
முணுமுணுத்துக்கொண்டே எழுந்தது.

தேவாலயத் திருப்பத்தில் மூன்று முறை நின்றுபோனது.
அது காரின் குற்றமல்ல, என் இடது கால்.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
ஹெல்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
நாலாவது முறை நகர்ந்ததும்
என் பக்கம் ஒரு சுளையை நீட்டினாள்.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால்
வாயைத் திறந்தேன்.

ஆயிரத்து நூறு. பேரம் பேச வெட்கமாக இருந்தது.

முதல் அதிகாலை.
நாற்பது வேகத்தில் போகிறேன்.
பின்னால் மரம் ஏற்றிய லாரி,
கண்ணாடி முழுக்க அதன் வெளிச்சம்.
ஒதுங்க இடம் தேடி
பழைய பேருந்து நிறுத்தத்துக்குள் திருப்பினேன்.
லாரி போயிற்று.
அது கிளப்பிய பனித்தூள் மெல்ல இறங்கிற்று.
கால அட்டவணையை இன்னும் கழற்றவில்லை:
14, நான்கு ஐம்பது.
என் கடிகாரத்தில் நான்கு ஐம்பத்து மூன்று.
பேருந்தும் எப்போதும்
மூன்று நிமிடம் தாமதம்தான்.

கிளட்சை மிதித்தேன்.
எப்போதோ நின்றுபோயிருக்கிறது.
சாவி.
இருமல்.
இருமல்.

காத்திருந்தேன்.